எஞ்சினை வாங்குங்கள், ஊரை வாங்காதீர்கள்

போன மாதம் சென்னையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னைப் போலவே ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே மாடி அறையில் பொம்மை ரயில் ஓட்டுகிறவர். பொம்மை ரயில் என்றால் அவருக்குக் கோபம் வரும். மாதிரி ரயில் என்று சொல்ல வேண்டும்.

பத்தடிக்கு நாலடி மேஜை. விளக்கை அணைத்துவிட்டு சுவிட்சைப் போட்டார். நம் ஊர் நீலப் பெட்டிகளோடு ஒரு வண்டி குகையிலிருந்து வெளியே வந்தது. குகைக்கு மேலே மலை, மலை உச்சியில் பனி. சரிவு முழுக்க ஊசியிலை மரங்கள். கூரான கூரை போட்ட மர வீடுகள், மணிக்கூண்டு வைத்த தேவாலயம், வாசலில் தொப்பி போட்ட மனிதர்கள் பீர் குடிக்கும் ஒரு கடை. வண்டி மெதுவாக வந்து நிலையத்தில் நின்றது. நான் குனிந்து பெயர்ப்பலகையைப் படித்தேன். காஞ்சிபுரம்.

"காஞ்சிபுரத்துல பனிமலை எங்க சார் இருக்கு?" என்று கேட்டேன்.

சிரித்தார். "செட்டாவே கிடைச்சுது, வாங்கிட்டேன். எல்லாம் ஜெர்மன் சாமான். நம்ம ஊரைப் பண்ணி வச்சா அதுல பார்க்க என்ன சார் இருக்கு?"

அவர் காஞ்சிபுரத்தில் பிறந்தவர். நானும்தான். மறு பேச்சுப் பேசாமல் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். எனக்கு எப்போதுமே பதில் தாமதமாகத்தான் வரும். பேருந்து ஸ்ரீபெரும்புதூர் தாண்டும்போது வர ஆரம்பித்தது. முசரவாக்கம் வந்து சேர்ந்து, கை கால் கழுவி, இந்தப் பதிவை எழுத உட்காரும்வரை நிற்கவில்லை. அவர் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

இந்தப் பொழுதுபோக்கைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. உலகில் அதிகம் புழங்கும் அளவு எச்.ஓ. என்பது. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே 1 அடி. ஐந்தரை அடி மனிதன் முக்கால் அங்குலம். எஞ்சின், பெட்டி, தண்டவாளம், மின்சாரம் எல்லாம் ஒரு பாதி வேலை. அந்த வண்டி எந்த நிலத்தில், எந்த வீடுகளுக்கு நடுவே ஓடுகிறது என்பது மறுபாதி. முதல் பாதியைக் கடையில் வாங்கலாம், தப்பில்லை. மோட்டாரும் பல்சக்கரமும் வீட்டில் செய்கிற காரியமல்ல. இரண்டாவது பாதியையும் கடையில் வாங்குவதுதான் தப்பு என்கிறேன்.

முதல் பாதியிலேயே நாம் ஒரு பொய்யை ஏற்றுக்கொண்டுதான் தொடங்குகிறோம். எச்.ஓ. தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். 87-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1435 மில்லிமீட்டர் வரும். அது ஐரோப்பா, அமெரிக்காவின் பாதை. நம் அகலப்பாதை 1676. அதாவது நம் எஞ்சினை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தும்போதே ஒன்பதரை அங்குலம் இடிக்கிறது. வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்கிறோம். சக்கரத்துக்கு அடியில் ஏற்கெனவே ஒரு பொய் இருக்கும்போது, ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஊராவது உண்மையாக இருக்க வேண்டாமா?

காஞ்சிபுரத்துக்கு இந்த விஷயத்தில் தனிப் பெருமை உண்டு. அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு 1865-இலேயே ரயில் வந்துவிட்டது. அப்போது பாதையின் அகலம் மூன்றடி ஆறு அங்குலம். பிறகு அதை மீட்டர் பாதையாக்கினார்கள். எங்கள் காலத்துக்குப் பிறகு அகலப்பாதை ஆனது. ஒரே ஊர் மூன்று அகலங்களைப் பார்த்திருக்கிறது. இப்படிப்பட்ட ஊருக்குப் பனிமலை எதற்கு?

"இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கு, அதனால் அவன் ஊர்தான் வரும்" என்று இன்னொருவர் எனக்கு ஒருமுறை எழுதியிருந்தார். நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாக என்ன செய்துகொண்டிருந்தார்கள்? நவராத்திரி கொலுப் படிகளுக்குப் பக்கத்தில் 'பார்க்' வைப்பார்களே, அது என்ன? ஒரு வாரம் முன்னாலேயே மண் பரப்பி, கேழ்வரகும் கடுகும் தூவி, தண்ணீர் தெளித்துப் புல் முளைக்க வைப்பார்கள். முகம் பார்க்கும் கண்ணாடியைப் படுக்க வைத்து ஓரத்தில் மண் அணைத்தால் அது குளம். குளத்தில் வாத்து, கரையில் கோயில், பின்னால் மலை. சாவி கொடுத்தால் ஓடும் தகர ரயிலைச் சுற்றி விடுவது என் வேலையாக இருந்தது. உலகத்துக் கடைகள் எல்லாம் இன்று டப்பாவில் அடைத்து விற்கும் நுட்பத்தை அம்மா வெந்தய டப்பாவிலிருந்து எடுத்துச் செய்தாள். சின்னக் காஞ்சிபுரத்தில் பொம்மைக்காரத் தெரு என்றே ஒரு தெரு இருக்கிறது. அங்கே காகிதக்கூழில் கல்யாண செட்டும் கிராம செட்டும் செய்கிறார்கள். காய்கறிக்காரி, கிணறு, மாட்டுவண்டி எல்லாம் உண்டு. நம் ஊரைச் சின்னதாகச் செய்து பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ரயில் வந்தவுடன் ஏன் நமக்கு வெட்கம் வந்துவிடுகிறது?

கொலுவுக்கும் ரயிலுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கொலுவில் செட்டியார் பொம்மை கோயிலைவிடப் பெரிதாக இருக்கலாம். அங்கே அளவு கணக்கில்லை, முக்கியத்துவம்தான் கணக்கு. ரயிலில் அளவுதான் சட்டம். ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணதேவராயர் 1509-இல் கட்டியது, சுமார் 190 அடி. எச்.ஓ. அளவில் இரண்டடிக்கு மேல் வரும். பக்கத்தில் நிற்கும் ரயில் பெட்டி ஏறக்குறைய ஒன்பது அங்குலம்தான். சிலர் கடையில் கிடைக்கும் நாலு அங்குலக் கோபுரத்தைத் தண்டவாளத்தின் ஓரமாக வைத்துவிடுகிறார்கள். அப்புறம் அது கோபுரம் இல்லை, சிக்னல் கேபின். நான் என்ன செய்தேன் என்றால், மேஜையின் பின்பக்கச் சுவரில் வெளுத்த நீலத்தில் வானம் பூசி, அடியில் மங்கலாக, ஒரு விரல் உயரத்துக்குக் கோபுரத்தை வரைந்தேன். வயல்வெளியிலிருந்து பார்த்தால் கோபுரம் அப்படித்தான் தெரியும். முப்பது வருஷம் ரயிலில் வந்திறங்கியவன் கண்ணுக்கு அதுதான் காஞ்சிபுரம்.

என் மேஜை எட்டடிக்கு மூன்றடி. 1985 வாக்கில் காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே ஒரு சாயங்காலம். மீட்டர் பாதை என்பதால் 12 மில்லிமீட்டர் தண்டவாளம். இதில் கணக்கு ஏறக்குறைய சரியாக வரும். எஞ்சினின் அடிச்சட்டம் வாங்கியது, சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதை வண்டிக்காகச் செய்தது. அதன்மேல் நம் டீசல் எஞ்சினின் உடம்பை அட்டையில் கட்டினேன். மற்றதெல்லாம் முசரவாக்கத்திலேயே கிடைத்தது.

மண் ஏரியிலிருந்து வந்தது. காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, காந்தத்தை ஒருமுறை அதன்மேல் ஓட்டினேன். இரும்புத் துகள் இருந்தால் மோட்டாரில் போய் ஒட்டிக்கொள்ளும். பெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் ஒரு சொட்டு விட்டால் பசை மண்ணுக்குள் இறங்கும். தண்டவாளத்துக்கு நடுவே கொட்டும் ஜல்லி நிஜத்தில் இரண்டு அங்குலம். இங்கே ரவை அளவு. ரவையையே போடலாமே என்று கேட்காதீர்கள். போட்டேன். எறும்பு வந்தது. பிறகு கருங்கல் தூளைச் சலித்துப் போட்டேன். பனைமரத்தை ஈர்க்குக்குச்சி போல ஒல்லியாக, குட்டையாகச் செய்கிறார்கள். அறுபதடிப் பனை எட்டு அங்குலத்துக்கு மேல் வரும். தைரியமாக உயரமாகச் செய்யுங்கள். வண்டி சின்னதாகத் தெரியும். நிஜத்திலும் அப்படித்தான் தெரியும். வேலிகாத்தான் புதருக்குத் துண்டு துண்டாக வெட்டிய தேங்காய் நார். புளியமரத்தின் கிளைகளுக்குப் பழைய மோட்டாரில் பிரித்த செம்புக் கம்பி, இலைக்குக் காய்ந்த பீர்க்கங்கூடு.

நாட்டு ஓடுதான் ஒரு மாதம் தூங்கவிடவில்லை. ஓட்டின் அகலம் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் அதிகம். 87-இல் ஒன்றேகால் மில்லிமீட்டர். ஒருநாள் கதவுக்கு மாட்டிய 8 எம்.எம். போல்ட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் மரை இடைவெளி சரியாக ஒன்றேகால் மில்லிமீட்டர்! கெட்டி அலுமினியத் தாளின் மேல் அந்த போல்ட்டை அழுத்தி உருட்டினால் வரிசை வரிசையாக ஓடு. மேலே செங்கல் நிறம், அடுப்படிக்கு மேல் மட்டும் கொஞ்சம் கரி. எந்த ஜெர்மன் கடையிலும் காஞ்சிபுரத்து ஓடு கிடைக்காது. இரும்புக்கடையில் ஒரு போல்ட்டாகக் கிடைக்கிறது.

நான் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

ஓடு தயாரானதும் முதலில் கட்ட நினைத்தது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு. அப்பா பட்டு நெசவு. பதினாலடி அகலம், ஐம்பதடி நீளம், வாசலில் திண்ணை, உள்ளே குழித்தறி. அட்டையை எடுத்து, ஸ்கேலை வைத்து, பென்சிலைச் சீவி உட்கார்ந்தேன். திண்ணையில் எத்தனை தூண்?

தெரியவில்லை.

நான் பொதுப்பணித் துறையில் 34 வருஷம் வரைவாளர். மதகு, பாலம், அலுவலகக் கட்டடம் என்று எத்தனையோ அளந்து வரைந்திருக்கிறேன். பிறந்து வளர்ந்த வீட்டை ஒருநாளும் அளந்ததில்லை. அதை 1994-இல் விற்றோம், வாங்கியவர் இடித்துக் கட்டினார். வீட்டு முன்னால் எடுத்த ஒரே புகைப்படம் அக்கா கல்யாணத்தில் எடுத்தது. அதில் பந்தல் இருக்கிறது, வாழைமரம் இருக்கிறது, வீடு இல்லை. அந்த வருஷங்களில் நான் ரயிலைப் படமெடுத்திருக்கிறேன். எஞ்சின் எண் தெளிவாகத் தெரியும்படி இரண்டு ஆல்பம் நிறைய இருக்கிறது. அந்த எஞ்சின் நின்ற நிலையத்தின் பின்சுவர் எப்படி இருந்தது, கதவு எந்தப் பக்கம் திறந்தது என்று ஒரு படம்கூட இல்லை. எஞ்சினுக்கு எண் இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, அருங்காட்சியகம் இருக்கிறது. அது தொலையாது. தொலைந்தது மற்றதெல்லாம்.

அக்காவுக்குப் போன் செய்தேன். நான் இரண்டு தூண் என்றேன்.

"மூணுடா. நடுத் தூண்ல சாஞ்சுக்கிட்டுத்தானே அம்மா ராட்டை சுத்துவாங்க. முதுகு பட்டுப் பட்டு எண்ணெய்க் கறை புடிச்சிருக்கும், மறந்துட்டியா?"

மறந்துதான் போயிருந்தேன். மூன்று தூண் வைத்தேன். நடுத் தூணில், தரையில் உட்கார்ந்தவளின் முதுகு உயரத்துக்கு, பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி. குண்டூசி முனையால் வைத்தேன். இந்தப் பொழுதுபோக்கில் அழுக்கேற்றுவது என்று ஒரு வேலை உண்டு. புதுசாகத் தெரியும் வீட்டை டீ டிகாக்‌ஷனாலும் கரித்தூளாலும் பழசாக்குவது. பலர் கண்ட இடத்திலும் தடவுகிறார்கள். கறை காரணமில்லாமல் வராது. தாழ்வாரத்துக்குக் கீழே மழைத்தண்ணீர் தெறித்த உயரம்வரை ஒரு கறை, அடுப்படிக்கு மேல் ஒரு கறை, ஆள் சாய்ந்த இடத்தில் ஒரு கறை. யார் எங்கே சாய்ந்தார்கள் என்று தெரியாதவன் அழுக்கேற்ற முடியாது. கடையில் வாங்கிய வீட்டுக்கு நீங்கள் எங்கே கறை வைப்பீர்கள்? அதில் யாரும் சாயவில்லையே.

தெருவில் பாவு போட்டிருப்பதையும் வைக்க வேண்டும் என்று ஆசை. மூன்று சேலைக்கான பாவு அறுபதடி, இங்கே எட்டு அங்குலம். பட்டு இழையையே வைத்துப் பார்த்தேன். 87 மடங்கில் அது தாம்புக்கயிறு போல இருந்தது. கடைசியில் டிஷ்யூ காகிதத்தில் கோடு கிழித்து, அரக்கு நிறம் ஏற்றி நீட்டினேன். அக்கா வந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். "மழைக்காலத்துல தறிக்குழியில தண்ணி ஊறுமே, அதை எறைக்கிற குடத்தை வச்சியா?" என்று கேட்டாள்.

பழமையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள், வறுமையை அழகாக்குகிறீர்கள் என்று சொல்பவர்களுக்கு அக்காவின் கேள்விதான் என் பதில். மழை பெய்தால் குழியில் தண்ணீர், தறி ஓடாது, கூலி இல்லை. ஈரத்தில் கால் வைத்து வைத்து அப்பாவின் முழங்கால் போனது. எதையும் அழகாக்கவில்லை. குடத்தை வைத்தேன்.

இப்படிச் செய்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். ராய் இங்லண்ட் என்று பெயர். 1925-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து போனவர். ரயில் பைத்தியம்தான். ஆனால் அங்கே கிராமத்துப் பழைய குடிசைகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே போவதைப் பார்த்தார். ஓலைக்கூரையைப் பிரிக்கிறார்கள், புதுசு போடுகிறார்கள். கண் முன்னால் போவதைத் தடுக்க முடியாது, அளந்தாவது வைப்போம் என்று ஒவ்வொரு வீடாகச் செய்யத் தொடங்கினார். ஆக்ஸ்போர்டுஷயரில் லாங் விட்டன்ஹம் என்ற கிராமத்தில் 1954-இல் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் அப்படி வந்ததுதான். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் தன்னார்வலர்கள் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். அவர் ஜெர்மன் வீட்டை வாங்கி வைத்திருந்தால் இன்று அங்கே பார்க்க என்ன இருந்திருக்கும்?

நம் நாட்டிலும் வழி காட்டியவர் உண்டு. புணேயில் கோத்ரூட் பகுதியில் பி. எஸ். ஜோஷி 1998-இல் ஒரு சிறு ரயில் அருங்காட்சியகத்தைத் திறந்து, இந்தக் கலையை டிக்கெட் வாங்கிப் பார்க்க வைத்தார். தமிழ்நாட்டில் அப்படி ஒன்று வரும் நாளில், அதில் பனைமரமும் ஏரிக்கரையும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கவலை.

"இனிமேல் எல்லாம் த்ரீ டி பிரிண்டர் செய்துவிடும் தாத்தா" என்கிறான் பேரன். நல்லது, செய்யட்டும். ஆனால் பிரிண்டர் அளவு கேட்கும். திண்ணையில் எத்தனை தூண் என்று அதுவும் என்னைத்தான் கேட்கும். அளந்து வைக்காத வீட்டை எந்த இயந்திரமும் அச்சடிக்காது.

நண்பரே, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நம்ம ஊரைப் பண்ணி வச்சா அதுல பார்க்க என்ன இருக்கு என்று கேட்டீர்கள். செய்ய ஆரம்பிக்கிறவரை எனக்கும் தெரியாது. வாங்குகிறவன் டப்பாவைப் பார்க்கிறான், செய்கிறவன் சுவரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் பிறந்த ஊரில் பார்க்க ஒன்றுமில்லை என்று நாமே முடிவு கட்டியதால்தான் அதை யாரும் படமெடுக்கவில்லை, அளக்கவில்லை. இடித்தபோது ஒரு செங்கல்லைக்கூட எடுத்து வைக்கவில்லை. உங்கள் பனிமலை அந்த முடிவின் மேல்தான் நிற்கிறது.

எல்லோரும் ரயில் ஓட்டப் போவதில்லை, எனக்குத் தெரியும். இதைப் படிக்கிறவர்கள் ஒன்று செய்யலாம். உங்கள் பழைய வீடு இன்னும் நின்றுகொண்டிருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வாசல் அகலம், திண்ணை உயரம், தூண் எத்தனை, ஓடு எத்தனை வரிசை. பின்சுவரையும் சேர்த்து நாலு பக்கமும் படமெடுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுத வேண்டியிருக்காது.

எங்கள் வீட்டின் வடக்குச் சுவரில் ஜன்னல் ஒன்றா இரண்டா என்று எனக்கும் நினைவில்லை, அக்காவுக்கும் நினைவில்லை. கேட்க வேறு ஆள் இல்லை. அந்தச் சுவரில் எதையும் வெட்டவில்லை. அந்தப் பக்கம் தெரியாதபடி வீட்டைத் திருப்பி வைத்திருக்கிறேன்.